வளைந்த முதுகு: ஆபரேஷன் யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

கத்தி வைக்கும் முன்பு டாக்டர்கள் போடும் கணக்கு

வயது ஏற ஏற முதுகு வளைகிறது. சிலருக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சிலருக்கு முன்பக்கமாகக் குனிகிறது. இரண்டும் சேர்ந்து வருகிறவர்களும் உண்டு.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பு பாம்பு போல நெளிந்து தெரிகிறது. வீட்டில் உள்ளவர்கள் பயந்துவிடுகிறார்கள். "ஆபரேஷன் செய்தே தீர வேண்டுமா? செய்தால் நிமிர்ந்து நடப்பாரா? செய்யாவிட்டால் படுத்த படுக்கை ஆகிவிடுவாரா?" என்று கேட்கிறார்கள்.

இது சாதாரணக் கேள்வி அல்ல. முதுகெலும்பை நிமிர்த்தும் ஆபரேஷன் பல மணி நேரம் நடக்கும் பெரிய ஆபரேஷன். செலவு அதிகம். ஆபத்தும் உண்டு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது வாழ்நாள் சேமிப்பையே கேட்கும் முடிவு.

யாருக்குச் செய்வது, யாருக்குச் செய்யாமல் விடுவது என்பதற்கு டாக்டர்களிடம் நெடுங்காலம் சரியான அளவுகோல் இல்லை. வளைவை அளக்க வழி கண்டது 1948-ம் ஆண்டு. பெரியவர்களின் வளைவை வகை பிரிக்க, பல நாட்டு டாக்டர்களும் ஏற்கும்படியான முறை வந்தது 2012-ம் ஆண்டு. இடையில் 64 ஆண்டுகள்!

அந்த 64 ஆண்டுகளில் டாக்டர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் வளைவு வேறு. மனிதனை வாட்டும் வளைவு வேறு.

வலி இல்லாத வளைவு

2005-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. 60 வயதைத் தாண்டிய 75 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல. தாங்களாக முன்வந்த ஆரோக்கியமானவர்கள். முதுகில் வளைவு இருப்பதாக அவர்களுக்கு அதற்கு முன்பு யாரும் சொன்னதில்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அவர்களில் 100-க்கு 68 பேர் வீதம் முதுகு பக்கவாட்டில் வளைந்திருந்தது! ஆனால் அந்த வளைவுக்கும் வலிக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

ஆகவே, எக்ஸ்ரேயில் வளைவு தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் கலங்க வேண்டியது இல்லை. தலை நரைப்பது போல, வயதானவர்களில் பலருக்கு முதுகும் கொஞ்சம் வளைகிறது.

அப்படியானால் சிலர் மட்டும் நாலு அடி நடந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்களே, ஏன்?

முதுகின் அமைப்பு

கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்புக்கு மேலே 5 என்று முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24 இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மெத்தை போல டிஸ்க் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த அடுக்கின் அடியில் இடுப்பெலும்புக் கூடு இருக்கிறது. அதுதான் அஸ்திவாரம்.

பின்னால் இருந்து பார்த்தால் முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தால் நேராக இருக்கக் கூடாது! மார்பின் பின்புறம் வெளியே வளைந்தும், இடுப்புக்கு மேலே உள்ளே குழிந்தும் இருக்க வேண்டும். இந்தக் குழிவுதான் தலையையும் உடம்பையும் கால்களுக்கு நேர் மேலே நிறுத்துகிறது. குழிவு குறைந்தால் உடம்பு முன்னே சாய்கிறது.

3 வழிகள்

பெரியவர்களுக்கு முதுகு வளையும் காரணங்களை, சுவிட்சர்லாந்து டாக்டர் மாக்ஸ் எபி 2005-ம் ஆண்டில் 3 வகையாகப் பிரித்து எழுதினார்.

முதல் வகை, வயதான பிறகு புதிதாக வருவது. டிஸ்க் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்கிறது. அந்தப் பக்கம் எலும்பு இறங்குகிறது. முதுகு சாய்கிறது.

இரண்டாவது வகை, சிறு வயதிலேயே இருந்த வளைவு. அப்போது தொந்தரவு தெரியாது. வயதான பிறகு தேய்மானமும் சேர்ந்துகொண்டு வலி கொடுக்கிறது.

மூன்றாவது வகை, வேறு கோளாறினால் வருவது. ஒரு கால் நீளம் குறைவாக இருந்தாலோ, தொடை மூட்டு கெட்டாலோ, எலும்பு பலம் குறைந்து நொறுங்கினாலோ முதுகு வளையும்.

காரணத்தைத் தெரிந்துகொள்ள இந்தப் பிரிவினை உதவுகிறது. ஆனால் ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்கு இது மட்டும் விடை சொல்லாது.

வளைவை அளந்தவர்

பக்கவாட்டு வளைவை அளக்கும் முறையை 1948-ல் வெளியிட்டவர், நியூயார்க் டாக்டர் ஜான் ராபர்ட் காப். வளைவின் மேல் முனையில் மிக அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்பை ஒட்டி ஒரு கோடு. கீழ் முனையில் உள்ள எலும்பை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம்தான் வளைவின் அளவு. 10 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அதை வளைவு என்று சொல்வதில்லை. உலகம் முழுவதும் இன்றும் இந்த அளவுதான் வழக்கத்தில் இருக்கிறது.

இந்தக் கோணத்தை வைத்துச் சிறுவர், சிறுமியரின் வளைவுகளை 1983-லும் 2001-லும் வகை பிரித்தார்கள். எந்தெந்த எலும்புகளைக் கம்பியால் பிணைப்பது என்று முடிவு செய்ய அவை உதவின.

ஆனால் பெரியவர்களுக்கு அவை பொருந்தவில்லை. காரணம், கேள்வியே வேறு. சிறுமியின் முதுகு வளைந்தால், "வளர வளர இந்த வளைவும் வளருமா?" என்று டாக்டர் கேட்பார். 65 வயது மூதாட்டி, "வலி தாங்கவில்லை. கடை வரை நடக்க முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார். வலியையும் நடையையும் காப் கோணம் காட்டாது.

இரும்புக் கம்பி தந்த பாடம்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற டாக்டர் இருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக 1950-களில் அவர் ஓர் உலோகக் கம்பியை உருவாக்கினார். வளைவின் இரு முனைகளிலும் கொக்கி மாட்டி, நடுவில் கம்பியை வைத்து, ஜாக்கி போல் தள்ளி நிமிர்த்தும் முறை அது. 1962-ல் இதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். பல நாடுகளிலும் இந்தக் கம்பி பரவியது.

பின்னால் இருந்து பார்த்தால் முதுகு நேராகத் தெரிந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் வேறு தொந்தரவோடு திரும்பி வந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்றார்கள். இடுப்பு வரை கம்பி போட்டவர்களுக்கே இது அதிகமாக வந்தது.

என்ன நடந்தது? கம்பி நேரானது. அது பக்கவாட்டு வளைவை நிமிர்த்தியதோடு, இடுப்புக்கு மேலே இருக்க வேண்டிய குழிவையும் தட்டையாக்கிவிட்டது. இதற்குத் 'தட்டை முதுகு' என்றே டாக்டர்கள் பெயர் வைத்தார்கள். 1970-களில் மருத்துவப் பத்திரிகைகளில் இதுபற்றிய கட்டுரைகள் வந்தன.

பின்னால் இருந்து பார்த்தது போதாது. பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

தூக்குக்குண்டு

கட்டிட வேலை செய்வோருக்குத் தூக்குக்குண்டு தெரியும். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். முதுகெலும்பு டாக்டர்களும் அதைத்தான் செய்கிறார்கள்!

நோயாளியை நிற்க வைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படத்தில் கழுத்தின் கடைசி எலும்பில் இருந்து நேர் கீழே ஒரு கோடு போடுகிறார்கள். முதுகின் அடியில், இடுப்புக் கூட்டோடு சேரும் எலும்பின் பின்பக்க மேல் மூலைக்கு அருகே அந்தக் கோடு விழ வேண்டும். அதற்கு எவ்வளவு தூரம் முன்னால் விழுகிறதோ, அந்த அளவு உடம்பு முன்னே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்க டாக்டர் ஸ்டீவன் கிளாஸ்மேனும் அவருடன் வேலை செய்தவர்களும், முதுகு வளைந்த பெரியவர்கள் 752 பேரின் படங்களையும் அவர்கள் சொன்ன தொந்தரவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 352 பேருக்குக் கோடு முன்னால் விழுந்தது. கோடு முன்னே போகப் போக வலியும் முடக்கமும் அதிகமாயின. இந்த முடிவு 2005-ல் வெளியாயிற்று.

உடம்பு முன்னே சாய்ந்தால் விழாமல் இருப்பதற்காக முதுகுத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இதைப் பிரான்சு நாட்டு டாக்டர் ழான் துபூசே ஒரு கூம்பு போலக் கற்பனை செய்து விளக்கினார். பாதத்தில் இருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு அது. அதற்குள் உடம்பு இருந்தால் சிரமம் இல்லாமல் நிற்கலாம். ஓரத்துக்குப் போகப் போகத் தசைகளுக்கு வேலை அதிகம். வெளியே போனால் கைத்தடியோ, பிடித்துக்கொள்ளச் சுவரோ வேண்டும்.

தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் நன்றாக நடக்கிற முதியவர், கையை விட்டதும் தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடுப்பு கேட்பதும் முதுகு கொடுப்பதும்

அடுத்த உண்மையும் பிரான்சு நாட்டில் இருந்து வந்தது. டுவால்-போபேர் என்ற பெண் டாக்டரும் அவருடன் சேர்ந்தவர்களும் இடுப்பெலும்புக் கூட்டை ஆராய்ந்தார்கள். முதுகெலும்பு வந்து உட்காரும் தளத்துக்கும் தொடை மூட்டுகளுக்கும் இடையே ஒரு கோணம் உண்டு என்பதை 1990-களில் எடுத்துக்காட்டினார்கள்.

இந்தக் கோணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு 40 டிகிரி, இன்னொருவருக்கு 70 டிகிரி. ஆனால் வளர்ச்சி முடிந்த பிறகு அநேகமாக மாறாது. செருப்பு அளவு மாதிரி, அவரவருக்கு அது நிரந்தரம்.

இடுப்புக் கோணம் எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவு குழிவு முதுகின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டும். இடுப்பு கேட்கிறது, முதுகு கொடுக்க வேண்டும். 60 டிகிரி கேட்கும் இடுப்புக்கு, டிஸ்க் தேய்ந்த முதுகு 30 டிகிரிதான் கொடுக்கிறது என்றால் 30 டிகிரி பற்றாக்குறை.

பற்றாக்குறை வந்தால் உடம்பு உடனே விழுந்துவிடாது. சமாளிக்கப் பார்க்கும். முதலில் இடுப்புக் கூட்டைப் பின்பக்கமாகச் சாய்க்கும். அதுவும் போதாவிட்டால் முழங்கால் மடங்கும். இப்படிச் சமாளிப்பதிலேயே உடம்பு களைத்துப் போகிறது. இடுப்பு எவ்வளவு பின்னே சாய்ந்திருக்கிறது என்பதையும் படத்தில் அளந்துவிடலாம்.

4 வகை, 3 குறி

இவ்வளவும் தெரிந்த பிறகு, எல்லாவற்றையும் ஒரு முறைக்குள் கொண்டு வந்தார்கள். நியூயார்க் டாக்டர் பிராங்க் ஷ்வாப் இதில் முன்னின்றார். முதுகு வளைவு பற்றி ஆராய்வதற்காக 1966-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ஸ்கோலியோசிஸ் ரிசர்ச் சொசைட்டி' என்ற டாக்டர்கள் சங்கத்தோடு சேர்ந்து உருவான இந்த முறை, 2012-ல் வெளியாயிற்று.

முதலில் பக்கவாட்டு வளைவைப் பார்க்க வேண்டும். 30 டிகிரிதான் எல்லை. மேல் முதுகில் மட்டும் 30 டிகிரிக்கு மேல் வளைவு இருந்தால் ஒரு வகை. கீழ் முதுகில் மட்டும் இருந்தால் இன்னொரு வகை. இரண்டு இடத்திலும் இருந்தால் இரட்டை வகை. எங்குமே 30 டிகிரியை எட்டாவிட்டால் அது பக்க வளைவு இல்லாத வகை.

பிறகு பக்கத்தில் இருந்து எடுத்த படத்தைப் பார்த்து 3 குறிகள் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் மார்க் போடுவது போல 0, +, ++ என்று போடுகிறார்கள்.

முதல் குறி, பற்றாக்குறை. இடுப்பு கேட்பதற்கும் முதுகு கொடுப்பதற்கும் வித்தியாசம் 10 டிகிரிக்குக் குறைவு என்றால் 0. 10 முதல் 20 வரை +. அதற்கு மேல் ++.

இரண்டாவது குறி, தூக்குக்குண்டுக் கோடு. 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 0. 4 முதல் 9.5 வரை +. அதற்கு மேல் ++.

மூன்றாவது குறி, இடுப்பின் பின்சாய்வு. 20 டிகிரிக்குக் குறைவு என்றால் 0. 20 முதல் 30 வரை +. அதற்கு மேல் ++.

அவ்வளவுதான். ஓர் எழுத்தும் 3 குறிகளும் சேர்ந்தால் ஒரு முதுகின் ஜாதகம்!

இந்த முறையைச் சோதித்துப் பார்க்க, 21 நோயாளிகளின் படங்களை 9 பேரிடம் கொடுத்தார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து அதே படங்களைத் திரும்பவும் கொடுத்தார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இதனால் ஓர் ஊர் டாக்டர் எழுதிய குறியை இன்னோர் ஊர் டாக்டர் பார்த்து உடனே புரிந்துகொள்ள முடியும். தாயார் ஊரில், மகன் பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் என்று வாழும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியது இல்லை.

இரண்டு பெண்கள்

இரண்டு பேரை வைத்து இதைப் பார்க்கலாம். இருவருக்கும் 65 வயது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பெண்ணுக்குக் கீழ் முதுகில் 45 டிகிரி பக்க வளைவு. படத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கும். ஆனால் தூக்குக்குண்டுக் கோடு 2 சென்டிமீட்டர்தான் முன்னே விழுகிறது. இடுப்பு 50 கேட்கிறது. முதுகு 45 கொடுக்கிறது. இடுப்பின் பின்சாய்வு 15 டிகிரி. குறிகள் 0, 0, 0.

இரண்டாவது பெண்ணுக்குப் பக்க வளைவு 15 டிகிரிதான். பின்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கோடு 12 சென்டிமீட்டர் முன்னே விழுகிறது. இடுப்பு 55 கேட்கிறது. முதுகு 20-தான் கொடுக்கிறது. பின்சாய்வு 34 டிகிரி. குறிகள் ++, ++, ++.

பழைய கணக்குப்படி பார்த்தால் முதல் பெண்தான் பெரிய நோயாளி. புதிய கணக்குப்படி அதிகமாக அவதிப்படக் கூடியவர் இரண்டாவது பெண். பக்க வளைவு இல்லாத வகையில்கூட மிக மோசமான முதுகு இருக்கலாம் என்பதை இந்த முறை தெளிவாக்கியது.

2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளாதவர்களுமாக 527 பேரின் படங்களுக்கு இப்படிக் குறி போட்டுப் பார்த்தார்கள். குறி கூடக் கூட முடக்கமும் கூடியிருந்தது. ஆபரேஷன் வரை போனவர்களுக்குக் குறிகள் மோசமாக இருந்தன.

10 கேள்விகள்

படம் பாதிக் கதைதான் சொல்லும். மீதிக் கதையை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

அதற்காக இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரில் 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். 1980-ல் அது வெளியாயிற்று. வலி எவ்வளவு? தானே குளித்து உடுத்த முடிகிறதா? பளு தூக்க முடிகிறதா? எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? எவ்வளவு நேரம் உட்கார, நிற்க முடிகிறது? தூக்கம் வருகிறதா? பயணம் போக முடிகிறதா? இப்படிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். கூட்டி இரண்டால் பெருக்கினால் 100-க்கு எவ்வளவு முடக்கம் என்று தெரியும். 20 வரை இருந்தால் லேசானது. 40-ஐத் தாண்டினால் கடுமையானது.

குறிகள் மோசமாக இருந்தும் முடக்கம் குறைவாக இருக்கிறவருக்கு அவசரம் இல்லை. படமும் மோசம், முடக்கமும் அதிகம், மருந்தும் உடற்பயிற்சியும் பலன் தரவில்லை என்ற மூன்றும் சேரும்போதுதான் பெரிய ஆபரேஷன் பற்றிப் பேச்சு எழுகிறது.

ஏணிப்படிகள்

ஆபரேஷன் என்றால் ஒரே ஆபரேஷன் அல்ல. ஏணிப்படி போலப் பல படிகள் உண்டு. அமெரிக்க டாக்டர்கள் சில்வாவும் லெங்கியும் 2010-ல் 6 படிகளாக இதை வகுத்தார்கள்.

கால் வலி மட்டும் இருந்து, உடம்பு நேராக நின்றால், நரம்பை நெருக்கும் எலும்பை மட்டும் எடுத்துவிடலாம். இது முதல் படி. வளைவும் முதுகு வலியும் சாய்வும் அதிகமாக அதிகமாக, திருகாணியும் கம்பியும் போட்டுப் பிணைக்கும் எலும்புகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும். கடைசிப் படியில் எலும்பையே வெட்டி நிமிர்த்துவார்கள்.

எலும்பை வெட்டி நிமிர்த்தும் முறையை முதலில் வெளியிட்டவர் பாஸ்டன் நகர டாக்டர் ஸ்மித்-பீட்டர்சன். ஆண்டு 1945. அந்த முறையில் ஓர் இடத்தில் வெட்டினால் சுமார் 10 டிகிரி கிடைக்கும். பிறகு வந்த முறையில் எலும்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டையே எடுத்துவிடுகிறார்கள். அதில் சுமார் 30 டிகிரி கிடைக்கும். எத்தனை டிகிரி பற்றாக்குறை என்று தெரிந்தால்தான் எந்த முறையில் வெட்டுவது என்று முடிவு செய்ய முடியும். குறிகளின் உபயோகம் இங்கேதான்.

ஆபத்தும் உண்டு

நிமிர்த்திவிடலாம் என்று சொல்வது சுலபம். விலை என்ன?

வட அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 291 பேரைக் குறைந்தது 2 ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் 10-க்கு 7 பேர் வீதம் சிறிதோ பெரிதோ ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. 100-க்கு 28 பேர் வீதம் மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. 2016-ல் இந்த விவரம் வெளியாயிற்று. முதுகு ஆபரேஷனில் பேர் போன ஆஸ்பத்திரிகளிலேயே இந்த நிலை!

ஆபரேஷன் வேண்டாம் என்று இருந்தவர்கள் கதி என்ன? இதை அறிய, கீழ் முதுகு வளைந்து தொந்தரவுபட்ட 40 முதல் 80 வயது வரை உள்ள 286 பேரை வட அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 63 பேர், குலுக்கல் முறையில் ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ பெற ஒப்புக்கொண்டார்கள். 223 பேர் தாங்களே சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கலில் 'ஆபரேஷன் இல்லை' என்று விழுந்தவர்களில் 100-க்கு 64 பேர் வீதம் மனம் மாறி ஆபரேஷனுக்கே போய்விட்டார்கள்! அதனால் குலுக்கல் கணக்கு தெளிவான தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் உண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 2 ஆண்டில் அதிகக் குணம் கண்டார்கள். செய்துகொள்ளாதவர்கள் ஏறத்தாழ இருந்த நிலையிலேயே இருந்தார்கள். இந்த முடிவு 2019-ல் வெளிவந்தது.

தொந்தரவு தாங்கக்கூடியதாக இருப்பவருக்கு இது நிம்மதி தரும் செய்தி. ஆபரேஷன் செய்யாவிட்டால் 2 ஆண்டில் படுத்த படுக்கை என்பது இல்லை. தொந்தரவு தாங்க முடியாதவருக்கோ, ஆபரேஷனில் வழி உண்டு என்ற செய்தியும் இதிலேயே இருக்கிறது.

வயதுக்குத் தகுந்த அளவு

எல்லோரையும் 20 வயது வாலிபர் போல நிமிர்த்த வேண்டியது இல்லை என்பதும் தெரிந்திருக்கிறது. 2016-ல் வெளியான ஒரு கணக்குப்படி, 35 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குத் தூக்குக்குண்டுக் கோடு அரை சென்டிமீட்டருக்குள் விழுவது பொருத்தம். 75 வயதைத் தாண்டியவருக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் முன்னே விழுந்தாலும் அது அவர் வயதுக்கு ஏற்றதே. 2012-ம் ஆண்டுக் கணக்கில் + என்று வரும் முதியவர், தம் வயதுக்குச் சரியாகவே இருக்கலாம். கிழவரைக் குமரன் போல நிமிர்த்தப் போனால், கம்பி முடியும் இடத்துக்கு மேலே முதுகு மறுபடியும் மடங்கும் ஆபத்து கூடுகிறது.

குறிகள் சொல்லாத விஷயங்களும் உண்டு. எலும்பு பலமாக இல்லாவிட்டால் திருகாணி பிடிக்காது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு ஒட்டுவது தடைப்படும். சர்க்கரை வியாதி, இதயக் கோளாறு, உடல் மெலிவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இடுப்பு வரை கம்பி போட்டுப் பிணைத்தால் அந்த இடம் பிறகு வளையாது. குனிந்து கால் நகம் வெட்டுவது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது, குந்தி உட்காரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்துவது எல்லாம் கஷ்டமாகிவிடும். நம் வீடுகளில் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

காச நோய்க் கூன்

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே சொன்ன கணக்கு எல்லாக் கூனுக்கும் பொருந்தாது. நம் நாட்டில் காச நோய் முதுகெலும்பைத் தாக்கியும் கூன் விழுகிறது. விடாத முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் இளைப்பும் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காச நோய்க் கூனிலும் இதே கேள்வி எழுந்தது: கத்தியா, மருந்தா? இதற்கு விடை தேடிச் சென்னையில் உள்ள காச நோய் ஆராய்ச்சி நிலையம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து ஆராய்ச்சி நடத்தியது. நோயாளிகளை 10 ஆண்டுகள் வரை கவனித்தார்கள். பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமல், நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டுக் குணமானார்கள். 1999-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

எந்த முதுகு நோயானாலும் திடீரென்று கால் பலம் இழந்தாலோ, மலம், சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, குறி, மார்க் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது அவசர நிலை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

வளைந்த முதுகுக்காக டாக்டரிடம் போகிறவர்கள் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

படுத்துக்கொண்டு எடுத்த எக்ஸ்ரேயில் முன்சாய்வு சரியாகத் தெரியாது. படுத்தால் எவர் முதுகும் கொஞ்சம் நிமிரும். கழுத்தில் இருந்து தொடை மூட்டு வரை தெரியும்படி, நின்றுகொண்டு எடுத்த நீளமான படம் வேண்டும். பின்னால் இருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து ஒன்று.

பழைய படங்களைத் தூக்கி எறியக் கூடாது. 5 ஆண்டுக்கு முன் எடுத்த படம் கையில் இருந்தால், வளைவு கூடுகிறதா, நின்றுவிட்டதா என்று டாக்டர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. "வலி வருவது நரம்பு நெருக்கத்தாலா, முன்சாய்வாலா? பற்றாக்குறை எத்தனை டிகிரி? சின்ன ஆபரேஷன் போதுமா? எலும்பு பலமாக இருக்கிறதா? செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்?" இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

பெரிய ஆபரேஷன் என்றால், அவசர நிலை இல்லாதபோது, இன்னொரு டாக்டரிடமும் படத்தைக் காட்டி யோசனை கேட்கலாம். இரண்டு பேரும் போடும் குறி அநேகமாக ஒன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் குறியை வைத்துக் கத்தி எடுப்பதா வேண்டாமா என்பதில் அவர்கள் மாறுபடலாம். அப்போது முடிவு சொல்ல வேண்டியவர், வலியைச் சுமக்கிறவர்தான். எவ்வளவு தூரம் நடக்க முடிந்தால் போதும், எந்த வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டில் உள்ளவர்கள் முதலில் அவரைக் கேட்க வேண்டும்.